மே மாத வெயிலில் ஹீட்டர் போட்டுக்கொண்டு மேதக் போன கதை

செகந்திராபாத்திலிருந்து மேதக் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். பேருந்தில் ஏறினால் இரண்டரை மணி நேரம். ஜன்னலோரம் கிடைத்தால் ஒரு தூக்கமும் போட்டுவிடலாம். நான் போனது அப்படியில்லை. 2009 மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை, முப்பத்தேழு வயதான, கூரையை மடக்கி வைக்கிற, இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு காரில், பக்கத்தில் கல்யாணப் பெண்ணை உட்கார வைத்துக்கொண்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு போனேன். ஹீட்டர்தான். ஏ.சி. என்று மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டாம்.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பெனி, மாடல் எல்லாம் பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். சொன்னால் உடனே நாலு பேர் அது நல்ல வண்டியா கெட்ட வண்டியா என்று சண்டைக்கு வருவீர்கள். வெளிநாட்டில் செய்தது, வெண்டைக்காய்ப் பச்சை நிறம், என்னைவிட ஆறு வயது மூத்தது. இரண்டு வருடங்களுக்கு முன்பு திருமுல்கேரியில் ஒரு ராணுவ அதிகாரி மாற்றலாகிப் போகும்போது விற்றார். நான் அவர் பக்கத்து வீட்டில் ஒரு சாதாரணப் பழைய காரைப் பார்க்கப் போனவள். மதில் வழியாக இதைப் பார்த்தேன். அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை என்று கோவில்பட்டியில் இருக்கிற அப்பாவிடம் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதில்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். திருமுல்கேரி முதல் மாதாப்பூர் வரை 24 கிலோமீட்டர், காலையில் ஒரு மணி பத்து நிமிடம். கார் எவ்வளவு தாழ்வு என்றால் என் தலை பேருந்துச் சக்கரத்துக்கு நேராக இருக்கும். ஆட்டோப் புகை நேரே மூக்குக்கு வரும். பேருந்து ஜன்னலில் பான் மெல்லுகிற வாயைப் பார்த்தால் அடுத்த பாதைக்கு ஓடிவிடுவேன். சிக்னலில் யாராவது ஒருவர் குனிந்து, "பாராத்துக்கு வாடகைக்குத் தருவீங்களா?" என்று கேட்பார், திறந்த கார் என்றாலே மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத்தான் என்பது இந்த ஊரின் முடிவு. அலுவலகத்தில் வண்டியை நிறுத்தினால் கூரையைப் பூட்டினேனா என்று பார்க்க மூன்று தடவை கீழே இறங்குவேன். பெட்ரோல் வாசம் வருகிறதா, அது என் வண்டியா பக்கத்து வண்டியா, தரையில் இருக்கும் ஈரம் தண்ணீரா எண்ணெயா. நான் மென்பொருள் சோதனை செய்கிறவள். எது எப்போது எப்படி உடையும் என்று யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தியை அலுவலக வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர எனக்கு வரவில்லை.

இந்த வண்டி இன்னும் ஓடுவதற்கு ஒரே காரணம் சாமுவேல் அண்ணன். மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறார். பகலில் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர், மாலையில் வீட்டு வாசலில் என் வண்டிக்கு வைத்தியர். அவருடைய தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்துவிட்ட குடும்பம். இவர் பேசும் தமிழில் தெலுங்கும் தக்கணி இந்தியும் சமபங்கு இருக்கும். கடையில் கிடைக்காத பாகங்களை அவரே கடைந்து போட்டுக் கொடுப்பார். இரண்டு வருடத்தில் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் கேட்டார்.

"மேடம், நீங்க நக்கோ சொல்லக்கூடாது. எங்க பியூலா கல்யாணம் மேதக்குல. அவளை நீங்க உங்க வண்டியில கூட்டிட்டு வரணும்."

பியூலா அவருடைய தங்கை. இருபத்தாறு வயது, ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. மாப்பிள்ளை சுதீர் தெலுங்குக்காரர், மேதக்கில் பள்ளி ஆசிரியர். எல்லோரும் ஒரு பேருந்து வைத்துக்கொண்டு போகிறார்கள். அப்படியிருக்க என் வண்டி எதற்கு என்று கேட்டேன்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "மூடின வண்டின்னா அவளுக்கு ஆவாது மேடம். பஸ்ஸு, காரு எது ஏறினாலும் பத்தாவது கிலோமீட்டர்ல வாந்தி. சின்ன வயசுல இருந்தே. பைக்ல, திறந்த ஜீப்புல ஒண்ணும் ஆவுறதில்ல. நிச்சயதார்த்தம் அன்னைக்கு கார்ல போய் இறங்கினதும் மண்டப வாசல்லயே எடுத்துட்டா. மாப்பிள்ளையோட பெரியம்மா, பெத்தம்மான்னு கூப்பிடுவாங்க, அவங்க ஒண்ணுமே கேக்கல. மேலேயும் கீழேயும் பாத்தாங்க பாருங்க, அப்படி ஒரு பார்வை. எங்கம்மா அன்னையில இருந்து தூங்கல."

எனக்குப் புரிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் வாந்தி எடுக்கிற பெண்ணை இந்த உலகம் என்ன நினைக்கும் என்று எந்த ஊர்க்காரர்களுக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு தடவை என்றால் பித்தம் என்று சொல்லித் தப்பலாம். கல்யாணத்தன்று வெள்ளைப் பட்டுப் புடவையில், மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் இரண்டாவது தடவை என்றால் அவ்வளவுதான். கார்ப் பயணம் ஒத்துக்கொள்ளாது என்று முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "பொண்ணுக்கு என்னமோ சீக்குன்னு சொல்லிட மாட்டாங்களா?" என்றார். சரி என்றேன்.

முதல் நாள் மாலை அண்ணன் வண்டியை முழுக்கப் பார்த்தார். வெப்பமானியில் ஊசி எதைத் தாண்டக்கூடாதோ அந்த இடத்தில் பியூலாவின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டார். ரேடியேட்டர் பழசு, மே மாதத்தில் அதற்கு மட்டும் சமாளிக்க முடியாது. ஹீட்டரைப் போட்டால் என்ஜினின் சூட்டில் ஒரு பங்கை அது இழுத்து நம் காலில் ஊதிவிடும், என்ஜின் பிழைக்கும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தான். எழுபதுக்கு மேல் ஓட்ட வேண்டாம் என்றார். "ஹீட்டரை மட்டும் மேதக் வர்ற வரைக்கும் அமத்தாதீங்க மேடம். கால் வெந்தாலும் பரவாயில்ல."

காலை 6.05க்குத் திருமுல்கேரியில் கிளம்பினேன். மெட்டுகுடா 8 கிலோமீட்டர், 6.25க்குப் போய்ச் சேர்ந்தேன். பேருந்து ஐந்து மணிக்கே போய்விட்டது. அதில்தான் அண்ணன், அவர் அம்மா, கேக், பூங்கொத்து, தலையில் போடுகிற வெள்ளை நெட், எல்லாம். குவார்ட்டர்ஸில் பியூலாவும் அலங்காரம் செய்ய வந்த ஒரு பெண்ணும் மட்டும். பியூலா வெள்ளைப் பட்டு உடுத்து, தலை சீவி, பின் குத்தி முடித்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மேதக்கில் போய் உடை மாற்றலாமே என்றால், கல்யாணம் நடக்கிற கிறிஸ்தவக் கோவில் சின்னது, அறை கிடையாது, அத்தனை பின்னையும் அங்கே குத்த நேரமும் கிடையாது. தலைமுடி கலையாமல் ஒரு துப்பட்டாவைச் சுற்றிக் கட்டினோம். மடியில் ஒரு துண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. 6.50க்கு வண்டி நகர்ந்தது. கோவிலில் பத்தரைக்கு மணி அடிப்பார்கள். பதினொன்றரைக்கு அடுத்த கல்யாணம் இருக்கிறது. தூரம் 103 கிலோமீட்டர். எப்படி உருட்டினாலும் ஒன்பதரைக்குப் போய்விடலாம் என்பது என் கணக்கு.

கணக்கில் போவன்பள்ளியை நான் சரியாகச் சேர்க்கவில்லை. சனிக்கிழமை காலையில் காய்கறிச் சந்தைக்கு வந்த லாரிகள் சாலை இரண்டு பக்கமும் நின்றன. 7.20க்குப் போய் மாட்டினோம். முன்னால் தக்காளி வண்டி, பின்னால் முட்டைக்கோஸ் வண்டி, பக்கத்தில் அழுகின வெங்காயம். திறந்த காரில் எந்த வாசமும் உங்களைக் கேட்டுக்கொண்டு வராது. நான் பியூலாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டைக் கடித்திருந்தாள். ஊசி நகப்பூச்சுக் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது. ஹீட்டர் எங்கள் நாலு கால்களிலும் அடுப்பாக அனல் ஊதியது.

"வருதா?" என்றேன்.

"இல்லக்கா."

"வந்தா சொல்லு, ஓரமா நிறுத்துதேன்."

"அக்கா, நீங்க நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டா வராததும் வந்துரும்."

ஒரு மூட்டை தூக்குகிறவர் குனிந்து பார்த்து, "துல்ஹன்! துல்ஹன்!" என்று கல்யாணப் பெண்ணைக் காட்டிக் கூவினார். அவரும் இன்னும் இரண்டு பேரும் லாரிக்காரர்களைத் திட்டி ஒதுக்கி எங்களுக்கு வழி செய்தார்கள். யாரோ ஒரு கொத்தமல்லிக் கட்டை பியூலாவின் மடியில் போட்டார். 7.45க்கு வெளியே வந்தோம். ஊர் மொத்தமும் நம்மைப் பார்க்கிற வண்டியில் போவதில் இப்படி ஒரு நல்லதும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொம்பள்ளி தாண்டியதும் காற்று வந்தது. ஊசி இறங்கியது. 8.20க்கு மேட்சல், மெட்டுகுடாவிலிருந்து 28 கிலோமீட்டர். அங்கே பியூலா துண்டால் கழுத்தைத் துடைத்தாள். அப்போதுதான் கவனித்தேன்: முழங்காலுக்குக் கீழே பட்டு வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைப் பட்டில் வியர்வை காய்ந்தால் மஞ்சளாகக் கறை நிற்கும். மருதாணி போட்ட பாதங்களை அவள் ஒன்றன்மேல் ஒன்று வைத்து மாற்றிக்கொண்டிருந்தாள். சூட்டில் வைக்க முடியவில்லை போல. எனக்கு மனசு கேட்கவில்லை. வண்டி அறுபதில் போகிறது, காற்று அடிக்கிறது, ஊசி எங்கேயோ கீழே கிடக்கிறது. கல்யாணப் பெண்ணின் காலைச் சுட்டுக்கொண்டு எதற்கு என்று அவளுக்குத் தெரியாமல் குமிழைத் தள்ளி ஹீட்டரை அணைத்துவிட்டேன்.

இப்படி ஒரு தப்பை வேறு யாராவது எங்கள் அலுவலகத்தில் செய்திருந்தால் நான் மூன்று பக்கத்துக்கு எழுதியிருப்பேன்.

தூப்ரானுக்கு முன்னால் சாலை வேலை. எல்லா வண்டிகளையும் மண் பாதையில் இறக்கி விட்டிருந்தார்கள். லாரிக்குப் பின்னால் லாரி, நடக்கிற வேகம், புழுதி. நான் பியூலாவின் முகத்தைப் பார்த்தேன், புழுதி படாமல் துப்பட்டாவை இழுத்துவிட்டேன், வாந்தி வருகிறதா என்று கண்ணாலேயே கேட்டேன். ஊசியைப் பார்க்கவில்லை. பதினைந்து நிமிடம் பார்க்கவில்லை. வேகவைத்த வாசம் மாதிரி ஒன்று வந்தபோது குனிந்தேன். ஊசி சிவப்புக் கோட்டை எப்போதோ தாண்டி அந்தப் பக்கம் படுத்திருந்தது. பானட்டின் விளிம்பிலிருந்து ஆவி கிளம்பியது. மணி 8.55, மேதக்குக்கு இன்னும் 58 கிலோமீட்டர்.

ஒரு வேப்ப மரத்தடியில் ஒதுக்கி என்ஜினை அணைத்தேன். சாமுவேல் அண்ணனுக்குப் போன் போட்டால் தொடர்பு கிடைக்கவில்லை. இனி என்ன செய்வது, வாடகைக் கார் கிடைத்தாலும் மூடின கார்தானே, பேருந்தை நிறுத்தினால் அதுவும் அதே கதைதானே என்று என் மூளை வரிசையாக ஓடியது. பியூலா நிதானமாக இறங்கி, புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, உள்ளே எட்டிக் குமிழைப் பார்த்தாள்.

"ஹீட்டரை யாருக்கா அமத்துனது?"

"உன் கால் சுடுதேன்னுதான்..."

"அண்ணன் சொன்னான்ல?"

"சொன்னாரு."

"அப்புறம் கைக்கு அமத்துனீங்க?"

கைக்கு என்றால் தக்கணியில் எதற்கு என்று அர்த்தம். வாழ்க்கையில் நான் அவ்வளவு கூசிப்போனதில்லை. நான் பதற்றத்தில் ரேடியேட்டர் மூடிமேல் துண்டைப் போட்டுத் திறக்கப் போனேன். பின்னால் பிரேக் சத்தம். எங்களுக்குப் பின்னால் நின்ற லாரியிலிருந்து ஒரு குரல், அதுவும் தமிழில்.

"ஏனுங் அம்மணி, மூடியத் தொட்டுப்போடாதீங்க! மூஞ்சி வெந்து போயிரும்!"

நாமக்கல் வண்டி. ஓட்டுநருக்கு ஐம்பது வயது இருக்கும். நாக்பூருக்கு முட்டை ஏற்றிக்கொண்டு போகிறார். இறங்கி வந்து பியூலாவைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "கல்யாணப் புள்ளய இப்படி ரோட்டுல நிறுத்தி வெச்சுப்போட்டு என்னங் பண்றீங்க?" விஷயத்தைச் சொன்னேன். வாந்தி விஷயத்தையும் சொல்லிவிட்டேன். எனக்கு அப்போது எதையும் மறைக்கத் தெம்பில்லை. அரை மணி நேரம் யாரும் எதையும் தொடக்கூடாது, ஆறினால்தான் தண்ணீர் என்றார். லாரியில் கட்டியிருந்த தண்ணீர்க் கேனை அவிழ்த்து இறக்கி வைத்தார். முன் கண்ணாடிப் பக்கத்திலிருந்து இரண்டு எலுமிச்சம்பழம் எடுத்து வந்து நீட்டினார். "இதைய மோந்துக்கிட்டே போங்க, ஒண்ணும் ஆகாது." பியூலா ஒன்றை வாங்கிக்கொண்டாள். எனக்கெதற்கு என்று நான் இன்னொன்றைத் திருப்பிக் கொடுத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அரை மணி நேரம் மரத்தடியில் பியூலா ஒரு கல்லின் மேல் துண்டை விரித்து உட்கார்ந்தாள். நேற்று மதியத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். வயிற்றில் இருந்தால்தானே வரும் என்று அம்மா சொன்னாராம். அன்றைக்கு நானும் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, பயத்தில் இறங்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? தினமும் இந்த வண்டியில பயந்துகிட்டேதான் போறீங்க. அண்ணன் சொல்லிச் சிரிப்பான். அப்புறம் எதுக்கு வெச்சிருக்கீங்க?"

யோசித்துத்தான் சொன்னேன். "மூடுன காருன்னா நான் உள்ள உக்காந்து பயந்துக்கிட்டே கெடப்பேன், யாருக்கும் தெரியாது. இதுல ஊரே பாக்கும். பயந்த மூஞ்சியோட போக வெக்கமா இருக்கும். அதனாலயே கொஞ்சம் நிமிந்து உக்காருவேன்."

பியூலா எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஓட்டுநர் தண்ணீரை ஊற்றி, கசிகிறதா என்று பார்த்து, போகச் சொன்னார். எவ்வளவு கேட்டும் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. மணி 9.35. ஹீட்டர் முழு வேகத்தில். இந்தத் தடவை பியூலாவே ஒரு காலால் குமிழை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், நான் தொட்டுவிடாதபடி.

அதன்பிறகான 58 கிலோமீட்டரில் இயற்கைக் காட்சி என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். சேகுண்டா பக்கம் நல்ல பாறைக் குன்றுகள் உண்டு என்று சொல்கிறார்கள். நான் பார்த்தது ஊசி, கடிகாரம், பியூலா, ஊசி. மேலே நாற்பது டிகிரி வெயில், கீழே ஹீட்டர், ரேடியேட்டர் ஆவியின் இனிப்பு வாசம், பெட்ரோல் வாசம். 10.10க்கு இராமாயம்பேட்டை. அங்கே இடப்பக்கம் திரும்ப வேண்டும். வழிகாட்டிப் பலகை ஒரு மரத்துக்குப் பின்னால் இருக்கும், தவறவிடாதீர்கள். அதன்பிறகு 20 கிலோமீட்டர் ஒற்றைச் சாலை, இரண்டு பக்கமும் புளிய மரம். எனக்கு வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது. தலை லேசாகச் சுற்றியது. பியூலா எலுமிச்சம்பழத்தோடு நன்றாகவே இருந்தாள். ரொம்ப நாளாக இப்படிக் காற்று வாங்கவில்லை என்று சொன்னாள்.

10.33க்குக் கோவில் வாசல். ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அந்தப் பெரிய தேவாலயம் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னக் கோவில். வாசலில் சாமுவேல் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வரிசையாக நின்றார்கள். முன்னால் பெத்தம்மா. அறுபது வயது, ஊதா நிறப் பட்டு, இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்த கறுப்புக் கைப்பை. பியூலா துப்பட்டாவை அவிழ்த்து, தானே கதவைத் திறந்து, நேராக நின்றாள். புடவையில் ஒரு கறை இல்லை. முகத்தில் வியர்வை தவிர வேறொன்றும் இல்லை. கொண்டு வந்து சேர்த்துவிட்டேன் என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியோடு நானும் இறங்கினேன். இறங்கி இரண்டு அடி வைத்து, மதில் ஓரம் போய், அத்தனை பேர் முன்னாலும் வாந்தி எடுத்தேன்.

நிமிர்ந்தபோது பெத்தம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலேயும் கீழேயும், கழுத்தில் தாலி இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி. சாமுவேல் அண்ணன் சொன்ன பார்வை இதுதான் என்று உடனே தெரிந்தது. முப்பத்தொரு வயது, கல்யாணம் ஆகாதவள், கூரையில்லாத காரில் வந்து இறங்கி வாந்தி எடுக்கிறாள். அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நினைத்தபோது எனக்கு இன்னொரு தடவை வந்தது. எடுத்தேன்.

முதுகில் ஒரு கை. பியூலா. மதில் ஓரத்துக்கு வெள்ளைப் பட்டோடு வந்து, ஒரு கையால் என் முடியைப் பிடித்து, இன்னொரு கையால் முதுகைத் தடவினாள். எலுமிச்சம்பழத்தை என் மூக்குக்கு நேரே வைத்தாள். "பியூலா, போ, புடவை," என்றேன். அவள் போகவில்லை. திரும்பிப் பெத்தம்மாவிடம், எல்லோருக்கும் கேட்கிற குரலில், தெலுங்கில் சொன்னாள்.

"நாக்கூடா அன்தே பெத்தம்மா. மூசின கார் எக்கிதே வாந்துலே. ஆ ரோஜு கூடா அதே."

எனக்கும் இப்படித்தான், மூடின காரில் ஏறினால் வாந்திதான், அன்றைக்கும் அதேதான். அவ்வளவு நாள் ஒரு வீடே மூடி வைத்திருந்ததை மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டாள். சாமுவேல் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். பெத்தம்மா கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாப்பிள்ளை சுதீர்தான் முதலில் சிரித்தார். சிரித்துவிட்டு, நண்பர் ஒருவரைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். 10.40க்கு மணி அடித்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. வெளியே வந்தபோது பூ ஒட்டிய வெள்ளைக் கார் ஓரமாக நின்றது, அதற்கு முன்னால் நண்பருடைய ஸ்கூட்டர். சுதீர் ஓட்ட, பியூலா பக்கவாட்டில் உட்கார்ந்து, நெட் பறக்கப் போனாள். பந்தியில் அண்ணனின் அம்மா அழுதார். அழுகைக்கு நடுவில் என் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தார். சாமுவேல் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உங்க பேரு கெட்டுப்போச்சே மேடம்," என்றார். போகட்டும் அண்ணே என்றேன். உண்மையில் சங்கடமாகத்தான் இருந்தது. பந்தி முழுக்கப் பெத்தம்மா எதிர் வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதே மாதிரிப் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். போக வர 220 கிலோமீட்டர், எனக்கு 19 லிட்டர் பெட்ரோல் ஆனது. போவன்பள்ளியை ஆறரைக்கு முன்பே தாண்டுங்கள். பெரிய தேவாலயத்தைப் பார்க்கக் குறைந்தது ஒரு மணி நேரம் வையுங்கள். கண்ணாடி ஜன்னல்களில் மதிய வெயில் விழும்போது பார்க்க வேண்டும். பத்து லிட்டர் தண்ணீரும் இரண்டு எலுமிச்சம்பழமும் வண்டியில் இருக்கட்டும், ஒன்று ஓட்டுகிறவருக்கு. வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். பழைய வண்டியில் பக்கத்தில் இருப்பவர்மேல் எவ்வளவு பாசம் வந்தாலும் ஹீட்டரைத் தொடாதீர்கள். பழைய வண்டியைத் தினசரி வண்டியாக வைத்துக்கொள்ளலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். பயந்த சுபாவம் இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் நான் விற்கப் போவதில்லை.

திரும்பி வந்ததைச் சொல்லவில்லையே. ஐந்து மணிக்குத் தனியாகக் கிளம்பலாம் என்று வண்டிக்குப் போனால் அங்கே பெத்தம்மா நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். இந்தக் கூரை மூடாதா என்று தெலுங்கில் கேட்டார். மூடும், ஆனால் மூட மாட்டேன் என்றேன். அவர் வீடு மேட்சலில். காலையில் வந்தது ஒரு மூடின காரில். கைப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே மடித்து வைத்த கறுப்பு பாலிதீன் பைகள், ஏழெட்டு இருக்கும். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடமாம். புருஷனுக்கும் தெரியாதாம், பின் சீட்டில் உட்கார்ந்து தூங்குகிற மாதிரி முகத்தை மூடிக்கொள்வாராம். நிச்சயதார்த்தத்தன்று அந்தப் பெண்ணிடம் போய் எனக்கும் இப்படித்தான் என்று சொல்லலாமா என்று பார்த்துக்கொண்டே நின்றாராம், வாய் வரவில்லையாம்.

மேட்சல் வரை 75 கிலோமீட்டர். ஹீட்டர் முழுசாகப் போட்டிருந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மேலே வைத்துக்கொண்டு, ஒரு பையைக் கையிலேயே பிடித்தபடி, வழி நெடுக முகத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு வந்தார். ஏழு மணிக்கு வீட்டுத் தெருமுனையில் இறங்கும்போது அந்தப் பையைப் பிரிக்காமலே நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். "எவரிக்கீ செப்பகம்மா," யாரிடமும் சொல்லிவிடாதே என்றார். சரி பெத்தம்மா என்றேன். அவருக்குத் தமிழ் படிக்க வராது என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.